குறை சொல்லும் பெட்டி

ஒலிபெருக்கி விற்கும் கடைக்கு நீங்கள் எப்போதாவது போயிருப்பீர்கள். அங்கே என்ன நடக்கும்? கடைக்காரர் தாளம் பலமாக உள்ள ஒரு திரைப்பாட்டைப் போடுவார். தரை அதிரும். கண்ணாடிக் கதவு கிடுகிடுக்கும். நாமும் "ஆகா!" என்று தலையை ஆட்டிவிட்டு விலை கேட்போம்.

அண்மையில் நானும் அப்படி ஒரு கடையில் நின்றேன். பாட்டு முடிந்ததும், "யாராவது பேசுவதைப் போட்டுக் காட்டுங்கள்" என்றேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேச்சுக் கேக்கவா சார் இவ்ளோ விலை கொடுத்து ஸ்பீக்கர் வாங்குவாங்க?" என்றார். ஆனாலும் நல்ல மனிதர். செய்தி வாசிக்கும் ஒரு பெண்மணியின் குரலைத் தேடிப் போட்டார். அந்த அம்மையார் பித்தளைக் குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு செய்தி படிப்பது போல் இருந்தது!

கடைக்காரரின் கேள்வி வேடிக்கையானதன்று. அதற்கு விடை தேடப் போனால் நாம் இங்கிலாந்துக்குப் போக வேண்டியிருக்கும். அங்கே ஒரு வானொலி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பொறியாளர்கள் பல ஆண்டுகளாக, மனிதர் பேசுவதைப் போட்டுத்தான் ஒலிபெருக்கிகளைச் சோதித்தார்கள். அந்த நிறுவனம் பி.பி.சி. இன்று "ஹை-ஃபை" என்று நாம் சொல்கிற, கூட்டாமல் குறைக்காமல் ஒலியை உள்ளது உள்ளபடி திருப்பித் தரும் கலைக்கு அவர்கள் செய்த தொண்டு மிகப் பெரிது. ஆனால் பி.பி.சி. கடை வைத்து ஒலிபெருக்கி விற்றதே இல்லை. விற்காததால்தான் அவர்களால் அத்தொண்டைச் செய்ய முடிந்தது என்பது என் கருத்து. இதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆகவே காரணங்களைச் சொல்கிறேன். நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்.

ஒரு வேடிக்கையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழர்களில் பலருக்கு பி.பி.சி. அறிமுகமானது தமிழோசை வழியாக. 2017 வரை அது சிற்றலையில் வந்தது. கடல் அலை போல் எழுந்தும் தாழ்ந்தும், இடையிடையே விசில் அடித்தும் வந்த அந்த ஒலியைக் கேட்டவர்கள், துல்லியமான ஒலிக்கு இலக்கணம் வகுத்தவர்கள் இவர்களே என்றால் நம்புவது கடினம். உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள்.

தராசும் எடைக்கல்லும்

பி.பி.சி. 1922இல் ஒரு தனியார் கம்பெனியாகத் தொடங்கி, 1927இல் பொதுத்துறைக் கழகம் ஆயிற்று. கேட்பவர்கள் செலுத்தும் உரிமக் கட்டணத்தில் அது நடந்தது. விளம்பரம் கிடையாது.

ஒலிபரப்பு நிலையத்தில் பாடகரும் இசைக்குழுவும் ஓர் அறையில் இருப்பார்கள். பக்கத்து அறையில் பொறியாளர் அமர்ந்து, ஒலிபெருக்கி வழியாக அந்த இசையைக் கேட்பார். வயலின் அதிகமா, குரல் குறைவா, ஒலிவாங்கி சரியான இடத்தில் உள்ளதா என்று முடிவு செய்வது அவர். இப்போது சிந்தியுங்கள். அவர் முன்னால் இருக்கும் பெட்டி, தாழ்ந்த ஒலிகளைப் பெரிதாக்கிக் காட்டும் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். அவர் என்ன செய்வார்? "அடடா, அடித்தொனி அதிகம்" என்று அதைக் குறைப்பார். அதன் விளைவாக நாடெங்கும் வீட்டில் கேட்பவர்களுக்கு இசை உயிரற்று, சன்னமாகப் போய்ச் சேரும். எடைக்கல்லில் தவறு இருந்தால் சந்தை முழுவதும் தவறாக அளக்கப்படும் அல்லவா? அதே கதைதான்.

வீட்டில் வைத்துக்கொள்ளும் பெட்டி இனிமையாக இருந்தால் போதும். நிலையத்தில் உள்ள பெட்டியோ குறை சொல்ல வேண்டும். தேய்ந்த இசைத்தட்டு, தள்ளி வைக்கப்பட்ட ஒலிவாங்கி, பழுதான மின்னிணைப்பு இவற்றையெல்லாம் அது மறைக்காமல் காட்டிக்கொடுக்க வேண்டும். தன்னிடம் வாங்க வந்தவரிடம் குறை சொல்லும் பெட்டியை எந்த வியாபாரி முன்வந்து செய்வார்?

இன்னொரு வசதியும் பி.பி.சி.க்கு இருந்தது. அது ஒரு கதவு! பி.பி.சி. 1930இல் தனக்கென ஒரு சிம்பொனி இசைக்குழுவை அமைத்தது. 1934 முதல் லண்டனில் மைடா வேல் என்னுமிடத்தில் அதன் இசைக்கூடம் இயங்கியது. பொறியாளர் கதவைத் திறந்து உள்ளே போனால் மெய்யான வயலின். வெளியே வந்தால் ஒலிபெருக்கி தரும் வயலின். ஒரு நிமிடத்துக்குள் இரண்டையும் ஒப்பிட்டுவிடலாம். ஒலிபெருக்கிக் கம்பெனிக்காரர்களில் பெரும்பாலோரிடம் இசைத்தட்டு மட்டுமே இருந்தது. இசைத்தட்டைப் போட்டுச் சோதித்தால், கேட்கும் குறை தட்டிலா, பெட்டியிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பேச்சைக் கொண்டு சோதித்ததும் இதே காரணத்தால்தான். ஒரு புல்லாங்குழல் எப்படி ஒலிக்கும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் துல்லியமாகத் தெரியும்? ஆனால் பழகிய மனிதரின் குரலை, தொலைபேசியில் "ஹலோ" என்ற ஒரே சொல்லில் அடையாளம் கண்டுவிடுகிறோம். எனவே உடன் வேலை செய்பவரின் குரலை எதிரொலி இல்லாத இடத்தில் பதிவு செய்து, பெட்டியில் போட்டு, அவரையே பக்கத்தில் நிறுத்திப் பேசவும் சொன்னால், பெட்டியின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அறுபடாத வால்

இனிச் சற்று இயற்பியலுக்குள் போவோம்.

ஒலிபெருக்கியைச் சோதிப்பதற்கு எல்லாரும் அறிந்த முறை ஒன்று உண்டு. 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வோர் அதிர்வெண்ணாகச் செலுத்தி, ஒலியின் வலிமையை அளந்து, வரைபடம் வரைவார்கள். கோடு மேடுபள்ளம் இல்லாமல் இருந்தால் பெட்டி நல்லது என்பார்கள். ஆனால் ஒரே மாதிரிக் கோடு வரையும் இரண்டு பெட்டிகள் காதுக்கு வெவ்வேறாகக் கேட்கின்றனவே, ஏன்?

பி.பி.சி. பொறியாளர் டி.இ.எல். ஷார்ட்டர் 1946இலேயே இதை ஆராய்ந்தார். அவர் கேட்ட கேள்வி எளியது, ஆனால் கூர்மையானது. ஒலியைச் செலுத்தும்போது என்ன நடக்கிறது என்று எல்லாரும் பார்க்கிறார்கள். ஒலியைத் திடீரென நிறுத்தினால் என்ன நடக்கிறது? மின்னோட்டம் நின்ற கணமே கூம்பும் நிற்க வேண்டும். அது நிற்பதில்லை! கூம்பின் ஏதோ ஒரு பகுதி தனக்கே உரிய அதிர்வெண்ணில் இன்னும் சில மில்லி செகண்டுகள் துடித்துக்கொண்டே இருக்கிறது. ஷார்ட்டர், ஒலி நின்ற பின் சிறு சிறு இடைவெளிகளில் மிச்சம் எவ்வளவு என்று அளந்து, அந்தக் கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வரைந்தார். இன்று கணிப்பொறித் திரையில் மலையடுக்கு போலத் தெரியும் ஒலித் தேய்வுப் படங்களுக்கு அதுவே முன்னோடி.

கோயில் மணிக்கு வால் உண்டு. "டாண்ண்ண்…" என்று அது நீளுவதுதான் மணிக்கு அழகு. ஆனால் மிருதங்கத்தின் ஒரு வெட்டுச் சொல்லுக்கு வால் இருக்கலாமா? ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் தன் சொந்த வாலை ஒட்டி அனுப்பினால், அடுத்த எழுத்தின் மேல் முந்தைய எழுத்தின் வால் படிந்துவிடும். நான் கடையில் கேட்ட குடத்துக் குரலுக்குக் காரணம் இத்தகைய ஒத்ததிர்வுகளாகத்தான் இருக்க வேண்டும்.

கூம்பும் பெட்டியும்

அந்தக் காலத்துக் கூம்புகள் காகிதக் கூழால் ஆனவை. காகிதம் மோசமான பொருள் அன்று. இன்றும் நல்ல கூம்புகள் அதில் வருகின்றன. ஆனால் ஒரு வார்ப்பு போல இன்னொன்று இருக்காது. ஈரப்பதம் மாறினால் குணம் மாறும். லண்டனில் சமன்செய்த நிகழ்ச்சி மான்செஸ்டர் நிலையத்திலும் அதே போல் கேட்க வேண்டும் என்றால், எல்லாக் கூம்புகளும் அச்சில் வார்த்த செங்கல் போல் இருக்க வேண்டும் அல்லவா?

எனவே 1960களில் பி.பி.சி. ஆய்வாளர்கள் பிளாஸ்டிக் பக்கம் திரும்பினார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது பெக்ஸ்ட்ரீன் என்னும் தகடு. பாலிஸ்டைரீன் வகையைச் சேர்ந்தது. சூடாக்கி, காற்றை உறிஞ்சி, அச்சின் மேல் படியவைத்தால் கூம்பு தயார். இந்த ஆய்வில் ஈடுபட்டவர்களுள் டட்லி ஹார்வுட், ஸ்பென்சர் ஹியூஸ் இருவரும் முக்கியமானவர்கள். ஹியூஸ் தம் வீட்டிலேயே, தூசு உறிஞ்சும் கருவியையும் மின் கணப்பின் கம்பிச் சுருளையும் வைத்துக்கொண்டு கூம்பு வார்க்கும் கருவியைச் செய்துகொண்டவர்! பெக்ஸ்ட்ரீனுக்கும் ஒரு குறை இருந்தது. அதன் மேல் ஒரு பசைப் பூச்சைத் தடவினால்தான் அதன் சொந்த அதிர்வு அடங்கும். பூசினால் கனம் ஏறும். கனம் ஏறினால் ஒலி குறையும். பிறகு 1970களில் பாலிபுரொப்பிலீன் கூம்பு வந்தது. அது இலேசானது; பூச்சு இல்லாமலே அடக்கமானது. இன்று உலகில் எத்தனையோ கார்களிலும் வீடுகளிலும் ஒலிக்கும் பாலிபுரொப்பிலீன் கூம்புகளின் பூர்வீகம் அந்த ஆய்வுக்கூடமே.

கூம்பைவிட எனக்கு வியப்பளிப்பது பெட்டியைப் பற்றி அவர்கள் கண்டதுதான். பெட்டி அதிரக்கூடாது என்றால் என்ன செய்வீர்கள்? "கனமான பலகை போடுவேன்" என்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் எண்ணினார்கள். ஹார்வுட்டும் அவருடைய சகாக்களும் அளந்து பார்த்தார்கள். பலகையைக் கனமாக்கினால் அதன் விறைப்பு கூடுகிறது. விறைப்பு கூடினால் ஒத்ததிர்வின் அதிர்வெண் மேலே போகிறது. மேலே எங்கே? மனிதக் குரல் வாழும் பகுதிக்கே போய்விடுகிறது! அங்கேதான் நம் காது மிகவும் கூர்மை. ஆகவே அவர்கள் நேர்மாறாகச் செய்தார்கள். மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகையை எடுத்துக்கொண்டு, உட்புறத்தில் தார் கலந்த கனத்த தகடுகளை ஒட்டினார்கள். ஒத்ததிர்வு கீழே இறங்கிற்று; தார் அதை விழுங்கிற்று.

இதை நீங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். காலியான பிஸ்கட் டின்னை விரலால் தட்டுங்கள். "டங்" என்னும். உட்புறத்தில் களிமண்ணையோ பிசைந்த கோதுமை மாவையோ ஒரு பட்டையாக அப்பிவிட்டு மறுபடி தட்டுங்கள். "டொக்" என்று அடங்கிவிடும். டின்னின் தகரத்தை நீங்கள் கனமாக்கவில்லை. அதன் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிட்டீர்கள். (மாவை வீணாக்கியதற்கு அம்மாவிடம் திட்டு வாங்கினால் நான் பொறுப்பில்லை.)

பொம்மை வீட்டில் பிறந்தது

பி.பி.சி. வடிவமைத்த பெட்டிகளில் உலகப் புகழ் பெற்றது மிகச் சிறியது. பெயர் எல்எஸ் 3/5ஏ. உயரம் சுமார் 30 செ.மீ., அகலம் 19 செ.மீ., ஆழம் 16 செ.மீ. பள்ளிப் புத்தகப் பையில் வைத்து எடுத்துப் போகலாம். இதன் பிறப்பு ஒரு கதை.

புதிய இசைக்கூடம் கட்டுவதற்குப் பெரும் பணம் வேண்டும். கட்டி முடித்த பிறகு ஒலி சரியில்லை என்று தெரிந்தால்? எனவே பி.பி.சி. ஆய்வாளர்கள் எட்டில் ஒரு பங்கு அளவில் மாதிரிக் கூடம் செய்தார்கள்; பொம்மை வீடு என்றே சொல்லலாம். அறை எட்டு மடங்கு சிறிதானால் அலைநீளமும் எட்டு மடங்கு சிறிதாக வேண்டும். அதாவது அதிர்வெண் எட்டு மடங்கு கூட வேண்டும். எனவே எதிரொலி இல்லாமல் பதிவு செய்த இசையை எட்டு மடங்கு வேகத்தில் பொம்மை அறைக்குள் ஒலிக்கவிட்டு, அதைப் பதிவு செய்து, மீண்டும் வேகத்தைக் குறைத்துக் கேட்டார்கள். கட்டாத மண்டபத்தில் நடக்காத கச்சேரியைக் காதால் கேட்டார்கள்!

அந்த ஆய்வுக்காக ஒரு சிறு ஒலிபெருக்கி தேவைப்பட்டது. அதைச் செய்தபோது, இத்தனை சிறிய பெட்டியிலிருந்து இவ்வளவு நல்ல ஒலியா என்று அவர்களுக்கே வியப்பு. அதே சமயத்தில் வெளியூர் ஒலிபரப்பு வண்டிகளில் வேலை செய்தவர்களுக்கும் ஒரு சிறு பெட்டி தேவைப்பட்டது. வண்டிக்குள் பெரிய பெட்டிக்கு இடம் ஏது? இப்படித்தான் எல்எஸ் 3/5 உருவாயிற்று. பிறகு அதில் பயன்படுத்திய கே.ஈ.எஃப். கம்பெனியின் கூம்புகளில் மாற்றம் வந்துவிட்டதால், திரும்ப வடிவமைத்து "ஏ" சேர்த்தார்கள். ஹார்வுட், வாட்டன், மில்ஸ் மூவரும் இதன் வடிவமைப்பை 1976இல் ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டார்கள்.

கவனியுங்கள்: "வெளியிட்டார்கள்". என் வாதத்தின் முதுகெலும்பு இந்த ஒரு சொல்தான். எந்தப் பொருளைத் தேர்ந்தோம், ஏன், எங்கே தவறினோம், எப்படித் திருத்தினோம் என்பதையெல்லாம் பி.பி.சி. ஆய்வறிக்கைகளில் எழுதினார்கள். பாதிக்கும் மேற்பட்ட உழைப்பு தவறுகளைத் துரத்துவதில் போனது என்பதை அவற்றைப் படித்தால் அறியலாம். ஒரு கம்பெனி தன் தவறுகளை அச்சிட்டு விற்குமா? அந்த அறிக்கைகளில் பல இன்று யாரும் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன. ஆங்கிலம் சற்றுக் கடினம்தான்; ஆனால் பிளஸ் டூ இயற்பியல் தெரிந்த மாணவர் முயன்றால் பாதியாவது புரியும்.

பெட்டியைச் செய்து விற்கும் உரிமத்தை ராஜர்ஸ், சார்ட்வெல், ஆடியோமாஸ்டர் முதலிய கம்பெனிகளுக்குக் கொடுத்தார்கள். மாதிரிப் பெட்டியோடு ஒத்துப் போனால்தான் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. ஒலிபரப்பு வண்டிக்காகச் செய்த பெட்டி இப்படியாக வீடுகளுக்குள் நுழைந்தது. அரை நூற்றாண்டு கழிந்தும் அதன் வாரிசுகள் இன்னும் செய்யப்படுகின்றன.

அறிக்கைகள் மட்டுமா வெளியே போயின? மனிதர்களும் போனார்கள். ஸ்பென்சர் ஹியூஸ் 1960களின் இறுதியில் ஸ்பெண்டார் கம்பெனியைத் தொடங்கினார். ஸ்பென்சர் என்ற தம் பெயரையும் டோரதி என்ற மனைவியின் பெயரையும் சேர்த்து அப்படிப் பெயரிட்டார். ஹார்வுட் 1977இல் ஹார்பெத்தைத் தொடங்கினார். அதில் பாதி அவர், பாதி அவர் மனைவி எலிசபெத். கே.ஈ.எஃப். கம்பெனியை 1961இல் நிறுவிய ரேமண்ட் குக் முன்பு பி.பி.சி.யில் பணியாற்றியவர். ஒரு மரத்தின் விதைகள் காற்றில் பறந்து போய் முளைப்பது போல, பிரிட்டிஷ் ஹை-ஃபை தொழிலின் ஒரு பெரும் கிளையே இப்படி முளைத்தது.

கம்பியிலும் காற்றிலும்

ஒலிபெருக்கி நன்றாக இருந்து, வந்து சேரும் ஒலி மோசமாக இருந்தால் என்ன பயன்? மத்திய அலையில் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் வருவதில்லை. பி.பி.சி. 1955 மே 2ஆம் நாள் ரோதம் என்ற ஊரிலிருந்து பண்பலை ஒலிபரப்பை முறையாகத் தொடங்கியது. 15,000 ஹெர்ட்ஸ் வரை கேட்டது, இரைச்சல் போயிற்று. அதன் பிறகே நல்ல ட்யூனர் வாங்குவதில் பொருள் இருந்தது. (நம் நாட்டில் பண்பலை முதன்முதலில் வந்தது சென்னையில்தான், 1977 ஜூலை 23 அன்று.) 1958இல் ஸ்டீரியோவைச் சோதித்தபோது, ஒரு பக்கத்து ஒலியை வானொலியிலும் மறுபக்கத்து ஒலியைத் தொலைக்காட்சி வழியாகவும் அனுப்பினார்கள். வீட்டில் இரண்டு பெட்டிகளையும் எதிரும் புதிருமாக இழுத்து வைத்துக்கொண்டு குடும்பங்கள் கேட்டிருக்கும் காட்சியை நினைத்தால் சிரிப்பு வருகிறது. முறையான ஸ்டீரியோ ஒலிபரப்பு 1966இல் வந்தது.

1972இல் நடந்தது இன்னும் பெரியது; அதை வீட்டில் கேட்டவர்கள் பெரும்பாலும் அறியவே இல்லை. இசைக்கூடத்திலிருந்து ஒலிபரப்புக் கோபுரம் வரை இசையை எண்களாக மாற்றி அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு செகண்டில் 32,000 முறை அலையை அளந்து, ஒவ்வோர் அளவையும் 13 இரும எண்களால் குறித்தார்கள். அதாவது 8,192 படிகள். இசைக் குறுந்தகடு கடைக்கு வந்தது 1982இல். பத்து ஆண்டுகளுக்கு முன்பே எண்வழி இசை வீடுகளில் ஒலித்துக்கொண்டிருந்தது.

எதிர்வாதம்

இனி என் கருத்துக்கு எதிரானவற்றையும் சொல்ல வேண்டும்.

ஒலிபெருக்கியின் பெரிய திருப்பங்கள் எல்லாம் பி.பி.சி.யில் நிகழவில்லை. இன்று நாம் பயன்படுத்தும் கூம்பு ஒலிபெருக்கியை 1925இல் உருவாக்கிக் காட்டிய ரைஸ், கெல்லாக் இருவரும் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்தவர்கள். நிலைமின் ஒலிபெருக்கியை 1957இல் சந்தைக்குக் கொண்டுவந்த பீட்டர் வாக்கர் ஒரு வியாபாரி. ஆனால் அவருடைய ஒலிபெருக்கியைப் போல் உண்மை பேசும் கருவி அக்காலத்தில் அரிது. ஆக, விற்பவர்கள் நல்லதைச் செய்யவே மாட்டார்கள் என்று நான் சொன்னால் அது பொய். உரிமத் தொகையாக பி.பி.சி.க்கும் பணம் வந்தது. அதையும் மறைப்பதற்கில்லை.

அந்தச் சிறு பெட்டியிலும் குறைகள் உண்டு. மிகத் தாழ்ந்த ஒலிகள் அதில் வாரா. ஒரு வாட் மின்திறனுக்கு ஒரு மீட்டர் தொலைவில் அது தருவது 83 டெசிபெல்லுக்கும் சற்றுக் குறைவு. 88 டெசிபெல் தரும் பெட்டிக்கு ஒரு வாட் போதும் என்றால், இதற்கு அதே சத்தத்துக்கு மூன்றரை வாட் வேண்டும். திருமண மண்டபத்துக்கு வைத்தால் பாவம், எரிந்து போகும். இதை அறியாமல் அதற்குத் தெய்வாம்சம் கற்பித்து, பழைய பெட்டிகளுக்கு யானை விலை கொடுப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அளந்து பார்த்துச் செய்யப்பட்ட ஒரு கருவியை அளக்காமல் வழிபடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

ஆனால் பொது ஒலிபரப்பு நிறுவனங்களின் பங்கு பி.பி.சி.யோடு நிற்கவில்லை என்பதையும் பாருங்கள். ஜப்பானில் என்.எச்.கே. ஒலிபரப்புக்காக 1960களில் டெனான் கம்பெனி செய்த டிஎல்-103 என்னும் இசைத்தட்டுக் கார்ட்ரிட்ஜ் இன்றும் விற்கிறது. துளையிட்ட பெட்டிகளைக் கணக்கிட்டு வடிவமைக்க வழி காட்டிய நெவில் தீல், ஆஸ்திரேலியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனத்தில் நீண்ட காலம் பணியாற்றியவர். இது தற்செயலா? ஒலியை நாள்தோறும் கையாள வேண்டும், அதை விற்க வேண்டியதில்லை என்ற நிலைமை இந்த நிறுவனங்களுக்கெல்லாம் பொதுவாக இருந்தது.

பி.பி.சி.யின் அந்த ஆய்வுக்கூடம் சர்ரே மாவட்டத்தில் கிங்ஸ்வுட் வாரன் என்ற பழைய மாளிகையில், 1948 முதல் இயங்கியது. 2010இல் பி.பி.சி. அந்த மாளிகையை விட்டு வெளியேறியது. ஆய்வுப் பிரிவு வேறு ஊர்களுக்குப் போய்விட்டது. ஒலிபெருக்கி வடிவமைப்பை அதற்கு முன்பே விட்டுவிட்டார்கள். நிலையங்களுக்குச் சந்தையில் கிடைப்பதை வாங்கினார்கள். சந்தையில் நல்லது கிடைக்கும்போது நாமே ஏன் செய்ய வேண்டும் என்பது நியாயமான கேள்வி போலத்தான் தோன்றும். சந்தையில் நல்லது கிடைக்கும்படி செய்தது யார் என்று நான் திருப்பிக் கேட்பேன். வாங்குவது எளிது என்று ஆய்வுக்கூடத்தை மூடினால், நாளைக்கு எழும் புதிய கேள்விக்கு அறிக்கை எழுதி எல்லாரும் படிக்கக் கொடுப்பது யார்? இன்று செல்பேசியில் கேட்கும் குரலைத் திருத்தும் கணிப்பொறி நிரல்கள் பல. அவற்றுள் சில எப்படி வேலை செய்கின்றன என்பதை அந்தந்தக் கம்பெனிகள் மட்டுமே அறியும்.

நீங்கள் செய்யக்கூடிய ஒரு சோதனையோடு முடிக்கிறேன். அதிகாலையில், தெருவில் சத்தம் எழும் முன், அம்மாவையோ பாட்டியையோ மொட்டை மாடிக்கு அழைத்துப் போங்கள். சுவர் இல்லாத நடுப்பகுதியில் நிறுத்தி, ஒரு நிமிடம் இயல்பாகப் பேசச் சொல்லிச் செல்பேசியில் பதிவு செய்யுங்கள். பாடச் சொல்லாதீர்கள், சமையல் குறிப்பு சொன்னால் போதும். அதை வீட்டில் உள்ள ஒவ்வோர் ஒலிபெருக்கியிலும், தொலைக்காட்சியிலும் போட்டுக் கேளுங்கள். அவர்கள் பேசும் அதே அளவு சத்தத்தில் வையுங்கள், கூட்ட வேண்டாம். அவர்களையும் பக்கத்தில் நின்று அதே வாக்கியத்தைச் சொல்லச் சொல்லுங்கள். செல்பேசியின் ஒலிவாங்கியும் குற்றமற்றதன்று. ஆனால் அதன் குறை எல்லாப் பெட்டிகளுக்கும் ஒன்றாகவே வரும். "ச", "ஷ" வரும் சொற்களில் சீறல் கேட்டால் மேல் அதிர்வெண்களில் கோளாறு. "ம", "ஓ" வரும் சொற்களில் குடத்து ஒலி கேட்டால் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். பலகை உங்கள் உள்ளங்கையில் துடிக்கும். எந்த எழுத்தில் எந்தப் பெட்டி மாட்டிக்கொண்டது என்று ஓர் அட்டவணை போட்டு எங்களுக்கு எழுதுங்கள்.